கேளுங்க, சொல்றேன்: மேப்புல இல்லாத கிட்டங்கித் தெரு

போன இதழ்ல பரோட்டா பத்தின ஒரு கேள்விக்கு பதில் சொல்றப்ப, நான் மலேசியாவுல இருக்குற பினாங்குத் தீவுல பொறந்தவன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அம்புட்டுதான், இந்தத் தடவை வந்த கடுதாசி, வாட்சப் எல்லாத்துலயும் அதே பேச்சு. மதுரையைச் சுத்தி கப்பல் ஏறிட்டு வந்த குடும்பம் இத்தனை இருக்கான்னு எனக்கே ஆச்சரியம். அதனால ரேஷன் கார்டு, பென்ஷன் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சாச்சு, இந்த வாரம் பழைய ஊரு மட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு வர்ற ஆவணியில 70 முடியுது. பீமரத சாந்தி பண்ணலாம்னா வேணாம்னுட்டார். அவர் பதினஞ்சு வயசு வரைக்கும் பினாங்குல வளந்தவர், 1970ல தாத்தாவோட கப்பல்ல வந்தாங்களாம். அந்தப் பணத்துல குடும்பத்தோட அங்க கூட்டிட்டுப் போலாம்னு நானும் தம்பியும் நெனைக்கிறோம். ஆனா அப்பா "அங்க போய் என்னத்தப் பாக்கப் போறேன்"னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டார். சிவப்பு ஐசின்னு எதோ சொல்லுவார், என்னன்னு கேட்டா பேச்சை மாத்திருவார். அம்மாவுக்கு முட்டி வலி வேற. கூட்டிட்டுப் போலாமா? போய் ஏமாந்து திரும்பிருவாரோ? (பேர் வேணாம், திருப்பாலை)

பதில்: போலாம்மா. ஆனா "என்னத்தப் பாக்கப் போறேன்"க்கு என்ன அர்த்தம்னு நான் சொல்றேன், ஏன்னா நானும் அதையே சொன்னவன். என் மகன் 2019லருந்து கேட்டுட்டு இருந்தான், நானும் முட்டி வலி, சுகர், கொரோனான்னு ஒவ்வொரு வருசமும் ஒரு சாக்கு சொல்லிட்டே இருந்தேன். உண்மை என்னன்னா, அம்பது வருசமா வீட்ல கதை சொல்லி வச்சிருக்கேன், எங்க வீட்டு மாடி ஜன்னல்ல நின்னா கடல் தெரியும், கப்பல் தெரியும்னு. இப்ப மகன், மருமக, பேத்தின்னு மூணு பேர் நேர்ல வந்து அதைச் சரிபாக்கப் போறாங்க. எந்த மனுசனுக்குத்தான் வயித்தைக் கலக்காது? உங்க அப்பா பயமும் அதாத்தான் இருக்கும், ஊரு மாறிருக்குமேங்கிறதெல்லாம் அடுத்தபட்சம்.

மொதல்ல அந்த சிவப்பு ஐசி. அது அடையாள அட்டை. குடிமக்களுக்கு நீலம், குடியுரிமை இல்லாதவங்களுக்கு சிவப்பு. 1957ல மெர்டேக்கா, அதாவது அவங்க சுதந்திரம், வந்தப்ப நம்மாளுங்க நிறையப் பேர் குடியுரிமை கேட்டு எழுதிக் குடுக்காம விட்டுட்டாங்க. எழுதத் தெரியாம விட்டவங்க உண்டு, எப்படியும் ஊருக்குத் திரும்பத்தானே போறோம்னு இருந்தவங்களும் உண்டு. அப்புறம் 1968ல ஒரு சட்டம், குடிமகன் இல்லாதவன் வேலை பாக்கணும்னா பர்மிட் வாங்கணும்னு. 69ல அங்க இனக் கலவரம் வேற. பர்மிட் கிடைக்காதவங்க ஆயிரக்கணக்குல கப்பல் ஏறினாங்க. உங்க தாத்தா 70ல வந்தார்னா கதை அநேகமா இதாத்தான் இருக்கும். அதுலயும் ஒரு கூத்து பாருங்க, மெர்டேக்காவுக்கு அப்புறம் 62 அக்டோபருக்குள்ள அங்க பொறந்த பிள்ளைங்க தானாவே குடிமக்கள். நான் 58. அதனால எங்க வீட்ல அப்பா வெளிநாட்டுக்காரர், நான் மலாயாக்காரன், என் அக்கா மேலூர் பக்கம் பொறந்து கைக்குழந்தையா கப்பல்ல வந்ததால அதுவும் வெளிநாட்டுக்காரி. ஒரே ரூம்ல, ஒரே பாய்ல ரெண்டு நாடு படுத்திருந்துச்சு. பன்னெண்டு வயசுல எனக்கு இதெல்லாம் என்ன தெரியும், அப்பா ரஜூலா கப்பலுக்கு டிக்கெட் எடுத்தார், ஏறிட்டோம். நாகப்பட்டினத்துல கப்பல் கடலுக்குள்ளயே நின்னுரும், படகுல எறக்கி விடுவாங்க, அந்த ஆட்டத்துல அம்மா எடுத்த வாந்திதான் எனக்கு இந்தியாவோட மொத ஞாபகம். இதெல்லாம் அப்பாகிட்ட தோண்டித் தோண்டிக் கேக்காதீங்க. அது தோத்துப்போய் வந்த கதையா அவருக்குள்ள இருக்கலாம். அங்க போனா தானா வரும், வரலைன்னாலும் விட்ருங்க.

இப்ப எங்க கதையைச் சொல்றேன், உங்களுக்கு வேணுங்கிறது அதுலயே இருக்கு. 2023 டிசம்பர், இந்தியாக்காரங்களுக்கு விசா வேணாம்னு மலேசியா சொன்ன மொத மாசம். சாக்கு தீந்து போச்சு, கெளம்பிட்டோம், அக்காவையும் கூட்டிக்கிட்டு. அதுக்கு அப்ப 71. திருச்சியிலேருந்து கோலாலம்பூர், அங்கேருந்து ரயில்ல நாலு மணி நேரத்துக்கு மேல பட்டர்வொர்த், அப்புறம் ஃபெரி. மகன் கார் வச்சு பாலத்து வழியா போயிரலாம்னான். நான் வேணாம்னேன். அந்தப் பாலம் 1985ல வந்தது, எனக்கும் அதுக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல, எனக்குத் தெரிஞ்ச பினாங்குக்கு ஃபெரியிலதான் போகணும். அந்தக் காலத்துல காரெல்லாம் ஏத்துற பெரிய ஃபெரி, இப்ப புதுசு விட்டிருக்காங்க, ஆளுங்களும் மோட்டார் சைக்கிளும் மட்டும்தான். ஆனா தண்ணி நடுவுல போறப்ப ஒரு வாடை வருது பாருங்க, உப்பும் எண்ணெயும் கலந்து, அது மட்டும் அப்படியே இருக்கு. சென்னையிலேருந்து பினாங்குக்கே நேரா விமானம் இருக்கு இப்ப, அம்மா முட்டிக்கு அதான் நல்லது. ஆனா போய் எறங்கினதும் ஒரு நாள் சும்மானாச்சும் ஃபெரியில அக்கரைக்குப் போயிட்டுத் திரும்பி வாங்க. அப்பா எந்தப் பக்கம் போய் நிக்கிறார்னு பாருங்க.

மகன் எக்செல்ல பிளான் போட்டு வச்சிருந்தான், காலைல 9 மணி பழைய வீடு, 10 மணி கோயில், 11.30 கோட்டைன்னு. பழைய வீட்டுக்கு முன்னாடி என்னை நிறுத்தி, செல்லை மூஞ்சிக்கு நேரா நீட்டி, "எப்படிப்பா இருக்கு, ஃபீலிங்ஸ் சொல்லுங்க"ன்னான். என்னத்தச் சொல்ல? அந்த வீடு இப்ப சின்ன ஓட்டல். அங்க பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒண்ணு இருந்துச்சு, அது இருந்தவரைக்கும் ஏழை பாழைங்க அந்தக் கட்டடங்கள்ல அடைஞ்சு கெடந்தாங்க. 2000ல அது எடுபட்டதும் வாடகை ஏறி எல்லாரும் வெளிய போயிட்டாங்க. 2008ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல ஊரைச் சேத்ததும் காலியான வீடெல்லாம் பெயிண்ட் அடிச்சு தங்கும் விடுதி, காபிக் கடைன்னு ஆயிருச்சு. எங்க வீட்டுக் கீழ்ப்பக்கம் ஒரு காபி 14 வெள்ளி, அதாவது ரிங்கிட், அப்பா மாச வாடகை அதுக்கும் கம்மியாத்தான் குடுத்திருப்பார்.

வரவேற்புல இருந்த பொண்ணு நல்ல பிள்ளை, விசயத்தைச் சொன்னதும் மாடி வரைக்கும் கூட்டிட்டுப் போச்சு. மகன் நேரா கடைசி ரூமுக்குப் போயி "எங்கப்பா ஜன்னல், கடல் தெரியுமின்னீங்களே"ன்னான். நான் முழிக்கிறேன், அக்கா பின்னாடியிலேருந்து சொல்லுது, "ஜன்னலா? நம்ம ரூம்ல ஏதுடா ஜன்னல், பலகை தடுப்புதானே, மேல ஒரு கண்ணாடி ஓடு இருக்கும், அதுல வர்ற வெளிச்சம்தான்." பேத்தி சிரிச்சிருச்சு. எனக்குக் காது சூடாயிருச்சு. பொய் சொல்லணும்னு சொன்னதில்லம்மா, அந்த ஜன்னலை நான் பாத்திருக்கேன், இன்னிக்கும் கண்ண மூடினா தெரியுது. வேற யார் வீட்டு ஜன்னலோ, துறைமுகத்துப் பக்கம் எங்கயோ பாத்ததோ, எப்பவோ எங்க ரூமுல வந்து ஒட்டிக்கிச்சு. நான் உங்களுக்குச் சொல்ல வர்றதே இதைத்தான். அப்பா சொன்ன கதையை அங்க போய் சரிபாக்காதீங்க. "நீங்க சொன்ன மரம் எங்க, அவ்ளோ பெரிய மைதானம்னீங்க இத்துனூண்டு இருக்கு"ன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. தம்பிகிட்டயும் சொல்லி வைங்க, வீடியோ எடுக்குற ஆளா இருந்தா கண்டிப்பாச் சொல்லி வைங்க.

அன்னிக்கு மத்தியானம் நான் கோவிச்சிட்டுத் தனியா நடந்தேன்னுகூட சொல்லலாம். மகன் பின்னாலயே மேப்பைப் பாத்துட்டு வர்றான், "அப்பா, இது லெபு பினாங், அப்புறம் லெபு பசார்"ங்கிறான். எனக்கு அதெல்லாம் யாரோ எவரோ. எங்களுக்கு அது கிட்டங்கித் தெரு, செட்டியாருங்க கிட்டங்கி வச்சு வட்டித்தொழில் பண்ணின தெரு. அடுத்தது கடைத்தெரு, எங்கப்பா கணக்கெழுதின மளிகைக்கடை அங்கதான். பிட் ஸ்ட்ரீட்டுக்கு இப்ப பேரே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தெரு. போர்டைப் பாத்து ஒண்ணும் வெளங்கலை. ஆனா அஞ்சடியில ஏறினேன் பாருங்க. அஞ்சடின்னா கடை முன்னாடி வெயில் மழைக்கு ஒதுங்கி நடக்குறதுக்கு விட்டிருக்குற நடை, அஞ்சடி அகலம்னு பேரு. ஒவ்வொரு கடைக்காரனும் அவன் இஷ்டத்துக்குத் தரை போட்டிருப்பான், ஒருத்தன் பூப்போட்ட டைல்ஸ், அடுத்தவன் சிமெண்டு, ஒண்ணு ஒசரம், ஒண்ணு பள்ளம். புதுசா வர்றவன் தடுக்கித்தான் விழுவான், மகன் ரெண்டு தடவை தடுக்கினான். நான் ஒரு கடைப் பேரைக்கூட சொல்லத் தெரியாதவன், பேசிக்கிட்டே நடக்குறேன், எந்தக் கடைக்கிட்ட காலைத் தூக்கணும், எங்க எறக்கணும்னு கால் தானா பண்ணுது. திரும்பிப் பாத்தா கிட்டங்கித் தெரு முனைக்கு வந்திருக்கேன். மகன் செல்லைப் பைக்குள்ள போட்டுட்டான். அதுக்கப்புறம் மூணு நாள் பிளான் என்னோடது. ஆக, மேப்பை நீங்க வச்சுக்கங்க, ஆனா முன்னாடி நடக்குறவர் அப்பாவா இருக்கட்டும். தப்பான சந்துல திரும்பினாலும் ஒண்ணும் சொல்லாதீங்க.

அம்மா முட்டிக்கு அந்த அஞ்சடி ஆகாது, சக்கர நாற்காலியும் அதுல ஓடாது. ஊருக்குள்ள சுத்தி வர்ற ஒரு இலவச பஸ் இருக்கு, அதுல உக்காத்தி விடுங்க, இல்லாட்டி செல்லுல கூப்புட்டா கார் வரும். மலை ரயில் ஏறலாம், தூக்கலான சரிவு ஆனா உக்காந்துட்டே போயிரலாம், காலைல சீக்கிரம் போகலைன்னா வரிசையில நின்னே முட்டி போயிரும். ஆவணியில போகாதீங்க, செப்டம்பர் அக்டோபர்ல அங்க ஊத்து ஊத்துன்னு ஊத்தும், பொறந்தநாளைத் தள்ளிவச்சு தை மாசிக்குப் போங்க. விசா இப்போதைக்கு 2026 கடைசி வரைக்கும் வேணாம்னு சொல்லியிருக்காங்க, 30 நாள் தங்கலாம், ஆனா அங்க போய் எறங்குறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள டிஜிட்டல் வருகை அட்டைன்னு ஒண்ணு ஆன்லைன்ல ஆளுக்கொண்ணு போடணும், அது இலவசம். காசு கேக்குற வெப்சைட் வந்தா மூடிட்டு வேற பாருங்க. மாத்திரையெல்லாம் அட்டையோடயும் டாக்டர் சீட்டோடயும் எடுத்துக்கங்க. அஞ்சு நாள் போதும். இதைவிடப் பெருசா பிளான் போடாதீங்க.

கேள்வி: பினாங்குக்குத் தைப்பூசத்துக்கே போனா வெள்ளித் தேரும் பாத்தாப்ல இருக்குமே? எங்க பெரியம்மா அதைப் பத்தியே பேசிட்டு இருப்பாங்க. (தல்லாகுளம்)

பதில்: அழகர் ஆத்துல எறங்குறப்ப உங்க பெரியம்மாவைக் கோரிப்பாளையத்துல நிறுத்துவீங்களா? மாட்டீங்கல்ல. அதே கூட்டம். செட்டியார் வெள்ளி ரதம் கிட்டங்கித் தெருவுலேருந்து தண்ணீர்மலைக்குப் போற வழி நெடுக ரோட்டுல தேங்காயை மலை மாதிரி குமிச்சு வச்சு ஒடைப்பாங்க, சீனர்களும் சேந்து ஒடைப்பாங்க, ரோடே தேங்காத் தண்ணியில வழுக்கும். 2017லேருந்து தங்கத் தேரும் ஒண்ணு கூட வருது. மேல இருக்குற பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு ஐநூத்துச் சொச்சம் படி. ஓட்டல் ரூம் கெடைக்கிறது கஷ்டம், கெடைச்சாலும் வெலை ரெண்டு மடங்கு. பூசம் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சுக் கூட்டிட்டுப் போங்க, கீழ நகரத்தார் கோயில் தண்டாயுதபாணியை ஆற அமர உக்காந்து பாக்கட்டும். பெரியம்மாவே தேரைத்தான் பாக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னா, அப்ப வேற வழியில்ல, தேர் கெளம்புற அதிகாலையில மட்டும் பாத்துட்டு ரூமுக்குத் திரும்பிருங்க.

கேள்வி: எங்கம்மா ரங்கூன். அவங்களையும் இப்படி ஒருக்கா கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. வயசு 78. (பழங்காநத்தம்)

பதில்: இப்ப வேணாம் தம்பி. 2021ல ராணுவம் ஆட்சியைப் புடிச்சதுலேருந்து அங்க சண்டை, 2025 மார்ச்சுல மாண்டலே பக்கம் பெரிய நிலநடுக்கம் வேற. 78 வயசு அம்மாவைக் கூட்டிட்டுப் போற நெலமை இல்ல. நம்மாளுங்க கடையையெல்லாம் 1964ல அந்த அரசாங்கம் எடுத்துக்கிட்டு, கையில கெடைச்சதோட அனுப்பி வச்சப்ப வந்தவங்கதான் நம்ம ஊருப்பக்கம் பர்மா காலனின்னு இருக்குறவங்கள்ல நிறையப் பேர். உங்க அம்மாவும் அப்படி வந்திருந்தா அவங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும். அத்தோ, அதான் அந்த பர்மா நூடுல்ஸ், செஞ்சு தரச் சொல்லுங்க, வெங்காயத்தை நீங்க நறுக்குங்க, செல்லை மேசையில கவுத்தி வச்சு பேச்சை மட்டும் பதிவு பண்ணுங்க. போய்ச் சரிபாக்க ஆளே இல்லைங்கிற தைரியத்துல அவங்க ஜன்னல் ஜன்னலா கதை சொல்லுவாங்க, குறுக்க பேசாதீங்க.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிற மகன் "உங்க மலரும் நினைவுக்கு நான் எதுக்கு"ங்கிறான். (வாடிப்பட்டி)

பதில்: நியாயமான கேள்விதான், அவன் மலரவே இல்லையே. சோறு காட்டுங்க. நாசி கண்டார் கடையில மூணு குழம்பை ஒண்ணு மேல ஒண்ணு ஊத்துறதைப் பாத்தா மதுரைக்காரப் பய மயங்கிருவான், நம்ம சால்னா ஆளுங்கல்ல. அங்க பரோட்டாவுக்குப் பேரு ரொட்டி சானாய், பருப்புக் கறி ஊத்துவாங்க, நம்மது மாதிரி இல்லைன்னு குறை சொல்லிட்டே நாலு சாப்புடுவான். ஆர்மீனியன் ஸ்ட்ரீட்ல நெஜ சைக்கிளை சுவத்துல பதிச்சு ரெண்டு பிள்ளைங்க ஓட்டுறாப்ல ஒரு படம் இருக்கு, 2012ல லிதுவேனியாக்காரர் ஒருத்தர் வரைஞ்சது, அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுக்க விடுங்க. சாயங்காலம் அவனைத் தனியா விட்ருங்க.

கேள்வி: உங்க அக்காவுக்கு அங்க என்ன புடிச்சது? நீங்க உங்களைப் பத்தியே எழுதுவீங்களோன்னு முன்கூட்டியே கேக்குறேன். அங்கேருந்து என்ன வாங்கிட்டு வரலாம்னும் சொல்லுங்க. (வில்லாபுரம்)

பதில்: பிடிச்சீங்க பாருங்க. அக்கா பதினெட்டு வயசுல திரும்பி வந்துச்சு, என்னைவிட அது விட்டுட்டு வந்தது ஜாஸ்தி. மேலூர்ல புகுந்த வீட்ல மொத நாள் மாமனாரைப் பாத்து "பசியாறிட்டீங்களா"ன்னு கேட்டிருக்கு, அங்க நம்ம சனம் காலைச் சாப்பாட்டை அப்படித்தான் சொல்லும். இங்க எல்லாரும் சிரிச்சு, கடைசி வரைக்கும் அதுக்குப் பட்டப்பேரே பசியாறின்னு ஆயிருச்சு. அன்னையிலேருந்து அந்த வார்த்தையை விட்ருச்சு.

சௌரஸ்தா சந்தைக்குப் போனோம், ஜாதிக்காய் ஊறல் வாங்கணும்னு அது ஒரே புடியா நின்னுச்சு. பினாங்குல ஜாதிக்காய்ப் பழத்தோட சதையை உப்பு சக்கரையில ஊறப் போட்டு விப்பாங்க, கார புளிப்பா இருக்கும், நாக்கு லேசா மரத்துப் போகும். கடையில ஒரு சீனப் பாட்டி, எம்பது இருக்கும். வெலை கேக்க வாயைத் திறந்த எங்கக்கா வாயிலேருந்து ஹொக்கியன், அந்த ஊரு சீனங்க பேசுற பாஷை, வருது. 53 வருசமா ஒருத்தர்கிட்டயும் பேசாத பாஷை. சிட், நோ, சா, சீன்னு பாட்டிலை எண்ணுது. அந்தப் பாட்டி இதை ஏற எறங்கப் பாத்துட்டு "சியாக் பா போய்"ன்னு கேட்டுச்சு. வயிறு ரொம்ப சாப்பிட்டாச்சான்னு அர்த்தம், பாக்குறப்ப எல்லாம் கேக்குற வார்த்தை. அக்கா பதில் சொல்லலை, என் பக்கம் திரும்பி, "பசியாறியாச்சான்னு கேக்குதுடா தம்பி"ன்னுச்சு. சொல்லிட்டு முந்தானையை எடுத்து மூஞ்சியைத் தொடைச்சுக்கிச்சு, வேர்வைன்னு சொல்லுச்சு, வேர்வையும் இருந்துச்சு.

வாங்கிட்டு வர்றதுன்னா ஜாதிக்காய்த் தைலம், இந்த ஊறல், வெள்ளைக் காபித் தூள். பாசிப்பயறு பூரணம் வச்ச பிஸ்கட்டு ஒண்ணு இருக்கு, நல்லா இருக்கும், ஆனா சில கடையில பன்னிக் கொழுப்பு சேப்பாங்க, கேட்டு வாங்குங்க. ஊறலை பாட்டில்ல வாங்கினா செக்-இன் பெட்டியில போடுங்க, கைப்பையில விடமாட்டாங்க. அக்கா வாங்கின மூணு பாட்டிலும் எப்பவோ தீந்து போச்சு, ஒண்ணுல மல்லித்தூள், ஒண்ணுல கடுகு, மூணாவதுல சில்லறைக் காசு போட்டு வச்சிருக்கு. லேபிளைக் கிழிச்சுக் கழுவட்டுமான்னு மருமக கேட்டதுக்கு கை வைக்காதன்னுடுச்சு.